வாரம் மூன்று நாளா, மாதம் பத்து நாளா?

கேட்டவர் நாச்சியார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்துகொண்டு, சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனத்துக்கு ஐந்து ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். அடுத்த மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம் வர வேண்டும் என்று அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அப்பாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மனைவி கும்பகோணத்தில் ஆசிரியை. மகள் இரண்டாம் வகுப்பு. "சட்டப்படி இப்படிக் கூப்பிட முடியுமா? மறுத்தால் என்ன ஆகும்? இரு தரப்புக்கும் ஒத்துவரும் வழி ஏதாவது உண்டா?" இதுதான் கேள்வி.

இருபத்திரண்டு ஆண்டுகள் சென்னையில் மனிதவளத் துறையில் இருந்துவிட்டு, இப்போது கும்பகோணத்தில் உட்கார்ந்து சிறு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். "அலுவலகத்துக்குத் திரும்பி வாருங்கள்" என்ற கடிதத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன். அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். வீட்டிலிருந்து வேலை செய்வது இந்தியாவில் ஊழியரின் உரிமை அல்ல. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம் அதைப் பற்றிப் பேசியது; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பேசுகிறது. மகப்பேறு விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம்கொடுத்தால், இருவரும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து பணி செய்யலாம் என்கிறது. அதிலும் "ஒத்துக்கொண்டு" என்ற சொல்தான் கனமானது. உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பணியிடம் சென்னை என்று இருந்தால், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது உங்களை வீட்டுக்கு அனுப்பியது ஒரு தற்காலிக ஏற்பாடு. அதைத் திரும்பப் பெற நிறுவனத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஐந்து ஆண்டு ஓடிவிட்டதால் அது நிரந்தரமாகிவிடாது. மாறாக, உங்கள் கடிதத்திலேயே "வீட்டிலிருந்து பணி" என்று எழுதிச் சேர்த்திருந்தால் கதை வேறு. அப்போது நிபந்தனையை மாற்றுவது அவர்கள். உங்களோடு பேசியாக வேண்டும்.

இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் (ஏற்றுமதிக்காக வரிச் சலுகை பெற்ற வளாகம்) இருக்கிறதா? 2022 ஜூலையில் அந்த மண்டலங்களுக்கான விதிகளில் 43ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதன்படி பாதிப் பேர் வரைதான் வீட்டிலிருந்து வேலை செய்யலாம், அதுவும் ஓராண்டுக்கு என்றிருந்தது. அந்த டிசம்பரிலேயே தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் "அரசு விதி, எங்கள் கையில் இல்லை" என்று பல நிறுவனங்கள் அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தன. உங்களிடமும் சொன்னால், எந்த விதி, இன்றைக்கு என்ன நிலை என்று மரியாதையாகக் கேளுங்கள். பல சமயம் அந்தக் காரணம் அங்கேயே கரைந்துவிடும்.

மறுத்தால்? பெரும்பாலும் உடனே வேலையை விட்டு நீக்க மாட்டார்கள். ஆண்டு மதிப்பீட்டில் தெரியும், சம்பள உயர்வில் தெரியும், நல்ல வேலைகள் பக்கத்து இருக்கைக்காரருக்குப் போவதில் தெரியும். ஆகவே மறுக்காதீர்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எதை மாற்றச் சொல்வது என்பதில்தான் டெல்டாக்காரர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். "மூன்று நாளை இரண்டாகக் குறையுங்கள்" என்று கெஞ்சுகிறார்கள். இரண்டு நாள் கிடைத்தால் உங்களுக்கு என்ன லாபம்? கும்பகோணத்திலிருந்து சென்னை ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். வாரம் ஒரு நாள் வரச் சொன்னாலும் போக ஓர் இரவு, வர ஓர் இரவு. வாரம் மூன்று நாள் என்றால் மாதத்துக்கு நான்கு முறை போய்வர வேண்டும். எட்டு இரவு உழவன் எக்ஸ்பிரஸிலோ பஸ்ஸிலோ கழியும். இல்லையேல் சோழிங்கநல்லூரில் ஓர் அறை எடுத்து, மாதத்தில் பாதிக்கு மேல் அதைப் பூட்டி வைத்து வாடகை கட்ட வேண்டும். தாம்பரத்தில் வீடு உள்ளவருக்கு "வாரம் மூன்று நாள்" என்பது சற்றே அலுப்பான ஏற்பாடு. உங்களுக்கு அது குடிபெயர்ப்பு. அதே பன்னிரண்டு நாளை இரண்டு தொகுப்பாகச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு முறை போய்வந்தால் போதும். பத்து நாளாகக் குறைத்து ஒரே மூச்சில் கொடுத்தால் ஒரே பயணம்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 2023 நவம்பரில் இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு மாதம் பத்து நாள் என்றுதான் கேட்டது. அதே ஆண்டு அக்டோபரில் டி.சி.எஸ். வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2025-க்குள் நான்கில் ஒரு பங்கு ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020-இல் அறிவித்ததும் இதே டி.சி.எஸ்.தான்! அமேசான் 2025 ஜனவரி 2 முதல் ஐந்து நாள் என்றது. பெரிய நிறுவனங்களே இப்படி ஆளுக்கொரு திசையில் நிற்கும்போது, உங்கள் அறுபது பேர் நிறுவனம் மட்டும் வேதவாக்கைக் கண்டுபிடித்துவிட்டது என்று நீங்களும் நம்ப வேண்டாம், அவர்களும் நம்ப வேண்டாம்.

எண்ணிக்கையைவிடப் பெரியது தேதி. இதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்பதைப் பார்த்துத்தான் குறுவைக்கு நாற்று விடுகிறோம். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, தண்ணீர் குறைவு என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளும் விவசாயி, முறை என்றைக்கு வரும் என்று சொல்லாத நீர்வளத் துறைக்காரரைத்தான் திட்டுவார். ரயிலும் அப்படித்தான். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. திறந்த சில நாட்களிலேயே ஞாயிறு இரவு சென்னை போகும் வண்டிகள் நிரம்பிவிடுகின்றன. "அடுத்த வாரம் செவ்வாய், புதன் வந்துவிடுங்கள்" என்று வியாழக்கிழமை மின்னஞ்சல் போடும் மேலாளர், தன்னையறியாமல் உங்களைத் தட்கலுக்கு, அதுவும் கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ்ஸுக்குத் துரத்துகிறார். எந்த வாரம் என்பதை இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் சொல்வதால் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது. கேட்க வேண்டிய முதல் சலுகை இதுதான். இதைச் சலுகை என்று அழைப்பதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது நான் எழுதிய கடிதத்தைப் பற்றி. 2022-இல் நான் இருந்த நிறுவனத்தில் எல்லோரும் செவ்வாய், வியாழன் வர வேண்டும் என்று உத்தரவு போட்டோம். வரைவு என்னுடையது. மூன்றாவது வாரச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தளத்தைச் சுற்றிவந்தேன். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது பேர் காதிலும் ஹெட்செட். எல்லோரும் பெங்களூருவிலும் புனேவிலும் இருப்பவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் மன்னார்குடிப் பையன் ஒருவன், சோதனைப் பிரிவு. முந்தின இரவு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி வந்திருந்தான். அவன் குழுவில் வேறு யாருமே அன்று சென்னையில் இல்லை. மதியம் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையைத் தனியாகச் சாப்பிட்டான். "எப்போது திரும்புகிறாய்?" என்றேன். "இன்றைக்கு இரவே சார், வியாழக்கிழமை காலை மறுபடியும் வர வேண்டுமே" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. நான் என் அறைக்குப் போய் உத்தரவை இன்னொரு முறை படித்தேன். "ஒன்றுகூடிப் பணியாற்றும் பண்பாட்டை வளர்க்க" என்று எழுதியிருந்தேன்.

நிறுவனத் தரப்பு படிக்கிறதென்றால் அவர்களுக்குச் சொல்வது இதுதான். ஆளை வரவழைப்பது சுலபம். வந்தவருக்கு அங்கே செய்ய ஏதாவது இருக்க வேண்டும். குழு முழுவதும் ஒரே நாளில் வரவில்லை என்றால் அந்த நாள் வீண். வரும் நாட்களில் வடிவமைப்பு விவாதம், புதியவருக்குப் பயிற்சி, யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் தள்ளிப்போட்ட சண்டை, இவற்றை வையுங்கள். தனியாக உட்கார்ந்து நிரல் எழுதும் வேலையை வீட்டு நாட்களுக்கு விடுங்கள். குத்தகை ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது, இடம் காலியாகக் கிடக்கிறது என்பது உண்மையான காரணமாக இருந்தால் அதையே சொல்லிவிடுங்கள். பண்பாடு என்று பூசி மெழுகினால் ஊழியர்களுக்கு மணக்காமலா இருக்கும்?

அதே சமயம், நிறுவனங்களின் பயம் வெறும் பிரமை என்று நான் சொல்ல மாட்டேன். சென்னையிலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. டேவிட் அட்கின், ஆன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூவரும் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்து, யார் வீட்டிலிருந்து, யார் அலுவலகத்திலிருந்து என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். 2023-இல் முடிவுகள் வந்தன. வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித்திறன் 18 சதவீதம் குறைவு. அந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. மிச்சம், அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. என்னைத் தூங்கவிடாதது அதற்கடுத்த எண். வீட்டிலிருந்து வேலை வேண்டும் என்று விரும்பியவர்கள் அடிப்படையில் மற்றவர்களைவிடத் திறமையானவர்கள். ஆனால் வீட்டில் உட்கார வைத்தால் அவர்களுக்குத்தான் சரிவு அதிகம்: 27 சதவீதம். அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு 13 சதவீதம்தான். ஏன்? ஓரளவுக்குக் காரணம் இது: குழந்தை, முதியவர், வீட்டுப் பொறுப்பு என்று எவருக்கு வீடு அத்தியாவசியமோ, அவர்களின் நேரத்தைத்தான் வீடு தின்கிறது.

இதை உங்கள் மேல் வைத்துப் பாருங்கள், தம்பி. அப்பாவுக்குப் பத்தரைக்கு உடற்பயிற்சி, பன்னிரண்டுக்கு மாத்திரை, மூன்றரைக்கு மகளின் பள்ளி வேன். இதற்கிடையில் எட்டு மணி நேர வேலை. செய்கிறீர்கள், இரவு பதினொன்று வரை இழுத்து ஈடுகட்டுகிறீர்கள் என்பது உங்கள் கேள்வியைப் படித்தாலே தெரிகிறது. ஆசியாவின் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து வேறொரு குழு ஆராய்ந்தபோதும் இதையே பார்த்தார்கள். வீட்டுக்குப் போனதும் வேலை நேரம் நீண்டது, விளைச்சல் நீளவில்லை. கூட்டங்கள் கூடின, இடையூறு இல்லாத நேரம் குறைந்தது, குழந்தை உள்ளவர்கள் இன்னும் அதிக நேரம் உட்கார்ந்தார்கள். மேலாளர் உங்கள் இரவு பதினொன்றைப் பார்ப்பதில்லை. பத்தரைக்கு எடுக்காத அழைப்பைத்தான் பார்க்கிறார்.

ஆனால் ஐந்து நாளும் வா என்பதற்கு இவை ஆதாரம் ஆகாது. டிரிப்.காம் என்ற சீன நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து ஆறு மாதம் சோதித்தார்கள். முடிவு 2024-இல் நேச்சர் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்று இருந்தவர்களின் மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் வித்தியாசம் இல்லை. வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். முழுக்க வீடு வேறு, கலந்த ஏற்பாடு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் இரு தரப்பும் சண்டை போடுகிறது.

டெல்டாவிலிருந்து வேலை செய்வதன் நடைமுறைச் சிக்கல்களை மேலாளரிடம் ஒளிக்காதீர்கள். வலங்கைமான் பக்கம் ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். என்னிடம் ஆலோசனை கேட்டிருந்த நிறுவனத்தின் ஊழியர். தை மாதம், சம்பா அறுவடை. தெருவில் அறுவடை இயந்திரம் நுழைந்தது. கம்பத்துக்குக் கம்பம் தொய்ந்து தொங்கிய கண்ணாடி இழைக் கம்பி அதன் தலையில் மாட்டி, இருபதடி தூரம் கூடவே போய், பட்டென்று அறுந்தது. அவர் சாவகாசமாக லேப்டாப்பை மூடிப் பையில் போட்டார், ஸ்கூட்டியை எடுத்தார், கும்பகோணத்தில் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஆண்டுதோறும் நடப்பதாம். "மேனேஜரிடம் என்ன சொல்வீர்கள்?" என்றேன். "நெட் போய்விட்டது என்பேன். அறுவடை இயந்திரம் என்றால் நம்ப மாட்டார்." அந்த மேலாளரிடம் நான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மாற்று இணைப்புக்கு மாதாமாதம் பணம் ஒதுக்கினார். உண்மையைச் சொன்னதில் வந்த லாபம் அது.

இன்னொரு பக்கமும் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நடந்த கூட்டம் ஒன்றில், நம் ஆள் ஒருவரின் குரலுக்குப் பின்னால் மோட்டார் பம்புசெட் ஓடுவதும், "மடையைத் திருப்பு" என்று யாரோ கத்துவதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நடவுக்கு விடுப்பு எடுங்கள். அது உங்கள் உரிமை, யாரும் குறை சொல்ல முடியாது. வரப்பில் நின்று அழைப்பை எடுக்காதீர்கள். ஒருவர் செய்வதற்கு ஊரில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வரி பற்றி ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும். சிலர் அப்பா வீட்டில் வாடகையில்லாமல் இருந்துகொண்டு, சென்னை வாடகை ரசீது கொடுத்து வீட்டு வாடகைப்படி விலக்கு வாங்குகிறார்கள். பழைய வரிமுறையில் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், கும்பகோணத்துக்கு 40 சதவீதம் என்று உச்சவரம்பே வேறு. "நான் ஐந்து ஆண்டாக ஊரில்தான் இருக்கிறேன்" என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும் முன், நீங்கள் கொடுத்த ரசீதுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை அங்கே முடிந்துபோன இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

இனி நீங்கள் எழுத வேண்டிய கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அப்பாவின் மூட்டு அதில் ஒரு வரி; நான்கு பத்தி அல்ல. இரக்கத்தால் கிடைக்கும் அனுமதி, இரக்கம் தீர்ந்ததும் தீர்ந்துவிடும். மாதத்தின் முதல் இரண்டு வாரத்தில் பத்து வேலை நாள் தொடர்ந்து சென்னையில் இருப்பேன், அந்த நாட்களில் குழுவின் திட்டமிடலும் புதியவர்கள் பயிற்சியும் நடக்கட்டும், மற்ற நாட்களில் காலை ஒன்பதரை முதல் ஒரு மணி வரையும் இரண்டு முதல் ஆறு வரையும் தடையில்லாமல் இருப்பேன் என்று எழுதுங்கள். அந்த நேரத்தில் அப்பாவைப் பார்க்க ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன் என்பதையும் சேருங்கள். அதை உண்மையிலேயே செய்துவிட்டு எழுதுங்கள்.  இன்வெர்ட்டர், இரண்டாவது இணைய இணைப்பு இரண்டையும் குறிப்பிடுங்கள். மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம், இன்னின்ன அளவில் என் வேலையை எடைபோடுங்கள் என்று நீங்களே அளவுகோலைக் கையில் கொடுங்கள். அளவுகோல் இல்லாத மேலாளர்தான் நாற்காலியை எண்ணுகிறார்.

வீட்டில் அமைதியே கிடையாது என்றால், தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் திறந்த மினி டைடல் பூங்கா போன்ற இடங்களில் ஐந்தாறு இருக்கை எடுத்துக்கொடுக்கும்படி கேட்கலாம். உங்கள் நிறுவனத்தில் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டக்காரர்கள் நான்கு பேராவது இருப்பார்கள்; தனியாகக் கேட்காமல் சேர்ந்து கேளுங்கள். கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கிக்குத் தலைமை அலுவலகம் இன்றும் இங்கேதான். இந்த ஊரிலிருந்து வேலை நடக்காது என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லலாம், சற்றுக் குறும்பாக.

வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு இதே கடிதத்தை நகலெடுக்கப் போகிறீர்கள் என்றால், வேண்டாம். நீங்கள் சென்னைக்குப் போங்கள். பக்கத்து இருக்கைக்காரர் பிழையை எப்படித் தேடுகிறார், வாடிக்கையாளர் கோபப்பட்டால் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதெல்லாம் திரையில் தெரியாது. மேன்ஷன் அறையும் ஓட்டல் சாப்பாடும் சுகமில்லைதான். உங்கள் தாத்தா காலத்திலிருந்து பிழைப்புக்காக வெளியூர் போய்த்தான் இந்த டெல்டாவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது.

ஒருவேளை உங்கள் நிறுவனம் மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான் என்று நின்றால், ஒத்துக்கொண்டு ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள். அதற்குள் அப்பா நடப்பார், நீங்களும் வேறு வேலை பார்க்கலாம். கோபத்தில் இன்றைக்கே விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று நியமனக் கடிதத்தில் பாருங்கள், மூன்று மாதமாக இருந்தால் புதிய நிறுவனம் காத்திருக்குமா என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடிதத்தை வெள்ளிக்கிழமை மாலை அனுப்ப வேண்டாம். திங்கள் காலை நூறு மின்னஞ்சலுக்கு அடியில் கிடக்கும். மேலாளரை முதலில் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, செவ்வாய் காலை பதினொரு மணி வாக்கில் அனுப்புங்கள். அதோடு, பதிலுக்குக் காத்திராமல், அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு இரவுக்கு உழவனில் ஒரு டிக்கெட் போட்டுவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில்தான் கிடைக்கும், இருந்தாலும் போட்டுவிடுங்கள்.